பின்பக்கத் திருகு

குளிர்காலத்தில் அந்த டிராக்டரைக் கிளப்புவதற்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம். முதலில் பாட்டரி. ராத்திரி முழுக்க அது சமையலறையில் அடுப்பை ஒட்டிப் படுத்திருக்கும். அந்த வீட்டில் அதைவிடக் கதகதப்பாகத் தூங்குகிறவர் யாரும் கிடையாது. விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் மாட்ட வேண்டும். அதற்குள் அடுப்பில் இரண்டு பெரிய பாத்திரம் வெந்நீர் கொதித்திருக்க வேண்டும். அதை ரேடியேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, என்ஜின் இரும்புக்குச் சூடு ஏறும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம் ஹீட்டர் சாவியைத் திருப்பிப் பிடித்து, உள்ளே கம்பிச்சுருள் சிவக்க நேரம் கொடுத்து, என்ஜின் லேசாகச் சுற்றுவதற்காக மேலே இருக்கிற லீவரைத் தூக்கிவிட்டு, முன்னால் குனிந்து கிராங்க் கம்பியைச் சுற்ற வேண்டும். வேகம் பிடித்ததும் லீவரை இறக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது. கம்பியை வளைத்துப் பிடித்தவன் பாடு அதோகதிதான். என்ஜின் பின்னுக்கு ஒரு உதை உதைத்தால் மணிக்கட்டு உடைந்து தொங்கும்.

மற்றவர்கள் மூச்சு வாங்க வாங்கச் சுற்றுவார்கள், நடுவில் உட்கார்ந்து வண்டியின் பரம்பரையையே திட்டுவார்கள், மறுபடி சுற்றுவார்கள். அந்த வீட்டுக்காரியின் புருஷனுக்கு ஒரு சுற்று போதும். அதனால்தான் அவருக்கு ஒத்தச்சுத்து என்று பேர் வந்தது. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அங்கே யாருக்கும் ஆள் யாரென்று தெரியாது.

மேட்டுப் பண்ணைகளிலிருந்து பால் கேன்களை இறக்கிக்கொண்டு வருவது ஒத்தச்சுத்தின் வேலை. பனி விழுந்துவிட்டால் லாரி அந்த ஏற்றத்தில் ஏறாது. பின்னால் சின்ன டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அவருடைய டிராக்டர்தான் போக வேண்டும். கீழே பால் நிலையத்தின் மேலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பிதான். அக்கா புருஷனுக்கு வேலை கொடுத்தான் என்று முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள்கூட, பனிக்காலம் வந்தால் வாயை மூடிக்கொண்டு அவர் வண்டிச் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வண்டியிலிருந்து தண்ணீரை இறக்கிவிட வேண்டும். ராத்திரி அது உறைந்தால் இரும்பைப் பிளந்துவிடும். உறையாத திரவம் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய ரேடியேட்டர் அங்கங்கே கசிகிற கிழம்; ஊற்றுவதில் பாதி ரோட்டுக்குப் போய்விடும். தவிர, காலையில் வெந்நீர் ஊற்றினால்தான் அந்த ஒரு சுற்றில் கிளம்பும். ஆகவே சாயங்காலம் இறக்குவது, காலையில் ஊற்றுவது. கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

அவள் துணி தைக்கிறவள். சமையலறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். அங்கே உட்கார்ந்தால் ஷெட்டின் வாசலும் வண்டியின் மூக்கும் தெரியும். அவர் குனிவதும், ரேடியேட்டருக்கு அடியில் கையை விடுவதும், தண்ணீர் ஆவி பறக்கத் தரையில் கொட்டுவதும் தெரியும். வண்டியின் பின்பாதி சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே அவர் என்ன செய்தார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வருஷம் பனி தொடங்கிய புதிதில் ஒரு சாயங்காலம், அவர் உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டி, அடுப்பின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

"தண்ணி இறக்கியாச்சா?" என்றாள்.

"அதெல்லாம் எப்பவோ ஆச்சு," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அவள் தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்தாள். ஏனென்றால் அது முதல் தடவை இல்லை. தண்ணீர் விஷயத்தில் முதல் தடவை, அவ்வளவுதான். அதற்கு முன்பே ஒரு பண்ணையின் காலிக் கேன்களை இன்னொரு பண்ணையில் இறக்கிவிட்டு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டிருந்தார். தம்பி ஒருநாள் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தவன், சட்டையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"அக்கா, மாமா நேத்து இறக்கத்துல வண்டிய நிறுத்திட்டு பிரேக் போடாம இறங்கிட்டார். நல்ல வேளை, வண்டி ஓரமா முட்டி நின்னுச்சு. அந்த ரோட்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நடக்குது."

"வயசாகுதுல்ல. உனக்கும்தான் வீட்டு சாவி எங்கன்னு தெரியல தினம்."

"என் வீட்டு சாவி யாரையும் ஏத்திக் கொல்லாதுக்கா. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா நானே வந்து வண்டி சாவிய வாங்கிக்குவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்காத."

சாவியை வாங்கிவிட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசத் தெரியாதவர், நாலு பேரோடு உட்காரத் தெரியாதவர், சிரிக்கக்கூட வண்டி ஓசை வேண்டும் அவருக்கு. அந்த ஒரு சுற்றுதான் அவருடைய மரியாதை, அதுதான் அவருடைய பேர். அதைப் பிடுங்கி எடுத்தால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே செத்துப்போவார் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் நியாயமானதும்கூட.

ஆகவே, தரை காய்ந்து கிடந்த அந்தச் சாயங்காலம் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற சாக்கில் அவளே ஷெட்டுக்குப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்த ஞாபகத்தில் ரேடியேட்டருக்கு அடியில் தடவினாள். பித்தளைத் திருகு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. திருகினாள். சுடச்சுடத் தண்ணீர் கொட்டியது, விரல் பொத்துப்போனது. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம், இதற்கா இத்தனை பயம் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சில நாள் அவரே இறக்கியிருப்பார். சில நாள் மறந்திருப்பார், அன்று இவள் இறக்குவாள். காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. அந்த நாட்களில் குளிர் அவ்வளவு கொடூரமாக இல்லை. காலையில் ஊற்றும்போது வண்டி வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் பிடிக்கிறதே என்று அவருக்கு ஒன்றிரண்டு தடவை தோன்றியிருக்கலாம். தோன்றியதையும் மறந்திருப்பார்.

பிறகு அந்தக் குளிர் வந்தது. வாசலில் வைத்த வாளித் தண்ணீர் திரும்பிப் பார்ப்பதற்குள் கல்லாயிற்று. டீசல் கெட்டியாகிவிடும் என்று அவர் மத்தியானமே மண்ணெண்ணெய் கலந்து வைத்தார். அது ஞாபகம் இருந்தது. சாயங்காலம் தண்ணீரை இறக்குவது ஞாபகம் இல்லை. அவள் போனாள், திருகைத் திறந்தாள், தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தாள், நிம்மதியாக வந்து படுத்தாள்.

காலையில் அவர் பாட்டரியை மாட்டி, திருகை மூடி, வெந்நீர் ஊற்றினார். முதல் பாத்திரம் காலியாவதற்குள் ரேடியேட்டர் வாய்வரை நிரம்பிப் பொங்கிவிட்டது. அவர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டாவது பாத்திரத்தோடு வந்த அவளும் நின்றாள். என்ஜினுக்குள் எங்கேயோ கிளாஸ் விரிசல் விடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் பக்கவாட்டிலிருந்து துரு கலந்த தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

அவர் மண்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு எழுந்து, வண்டியின் அந்தப் பக்கம் போனார். அவள் ஒருநாளும் போய்ப் பார்க்காத பக்கம். அங்கே என்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கின் இடுப்பில், குழாய்களுக்குப் பின்னால், இன்னொரு பித்தளைத் திருகு இருந்தது. அதைத் திறந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒரு கம்பியை எடுத்து உள்ளே குத்தினார். பனிக்கட்டித் துணுக்குதான் வந்தது.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இரண்டு திருகு. ரேடியேட்டருக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று. அவள் ஒவ்வொரு தடவையும் பாதிதான் இறக்கியிருக்கிறாள்.

"முன்னாடி திறந்திருந்துச்சு," என்றார் அவர் மெதுவாக. "நான்தானே இப்ப மூடினேன். பின்னாடி மூடியே கிடந்திருக்கு." கையைப் பார்த்தார். "நான் எப்பவும் பின்னாடிதான் முதல்ல திறப்பேன். அதைத் திறக்காம முன்னாடி என் கை போகாது. போகாதுடி."

 அவர் மறுபடி மறுபடி அதையே சொன்னார். பின்னாடி முதல்ல, அப்புறம் முன்னாடி. காற்றில் கையால் திருகிக் காட்டினார். அந்தக் கை பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் கையைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாத நிலைமைக்கு வந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த பயத்தை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பால் வரவில்லை என்று தம்பி ஜீப்பில் வந்து இறங்கினான். வண்டியைப் பார்த்தான், தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி இறக்கலையா மாமா?"

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை நீட்டப்போனான். அவளுக்கு அந்தக் கை எதற்கு நீள்கிறது என்று தெரியும்.

"நான்தான்டா பண்ணினேன்," என்றாள். "நேத்து இவர் இறக்கத்தான் கிளம்பினார். குளிருது, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்னு நான்தான் போனேன். பின்னாடி ஒண்ணு இருக்கறது எனக்கென்ன தெரியும்? முன்னாடி மட்டும் திறந்துட்டு வந்துட்டேன். இவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

பாதி உண்மை, பாதி பொய். பொய்யான பாதியை மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் அவள் புருஷன். அவருக்கோ நேற்றுச் சாயங்காலம் என்று ஒன்று இருந்ததே நினைவில்லை. அவருடைய மறதியை வைத்தே அவரைக் காப்பாற்றப் பார்த்தாள். அது அவளுக்கே கேவலமாகத்தான் இருந்தது, இருந்தும் சொன்னாள்.

அவர் அவளையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆமா," என்றார். "சொன்னேன். இவ எங்க கேட்டா."

நம்பினாரா, பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்ததே என்று பிடித்துக்கொண்டாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தம்பி அவள்மேல் பாய்ந்தான். "ஏன்க்கா, தைக்கிறதோட நிறுத்திக்கக் கூடாதா? பிளாக் போச்சு. இது வார்ப்பிரும்பு, வெல்டிங் வச்சா நிக்காது. வேற என்ஜின்தான் தேடணும். இவ்வளவு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தார் மனுஷன்." சொல்லச் சொல்ல அவன் குரலில் ஒரு நிம்மதி வந்ததை அவள் கவனித்தாள். மாமாவிடம் கையை நீட்ட வேண்டிய சங்கடம் அவனுக்கும் தப்பியிருந்தது.

பால் நிலையத்தில் பனி தள்ளுவதற்கு இன்னொரு டிராக்டர் இருந்தது. இதே கம்பெனி, இதே மாதிரி, வயசு மட்டும் கம்மி. அதைக் கொண்டுவரச் சொன்னான். "மாமா, இதுவும் தண்ணி ஊத்தற வண்டிதான். சாயங்காலம் இறக்கிடணும்."

"எனக்கே சொல்றியா?" என்று அவர் சிரித்தார். கிராங்க் கம்பியை மாட்டி, கட்டைவிரலை ஒதுக்கி, ஒரே சுற்று. புதுவண்டி கிளம்பியது. ஓட்டிவந்த ஆள் வாயைப் பிளந்தான். ஒத்தச்சுத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"இனிமே சாயங்காலம் ஷெட்டுப் பக்கம் நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஆமாக்கா, தொடவே தொடாத," என்றான் தம்பி.

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள், தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். சாவி பிழைத்தது. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே வழியையும் அவளே அடைத்துவிட்டாள்.

அன்று பகல் முழுக்க மெஷினில் ஒரு தையலும் நேராக விழவில்லை. அவர் வண்டி இறக்கத்தில் வரும் நேரமும் பள்ளிக்கூடம் விடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. பிள்ளைகள் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ரோட்டை அடைத்து நடப்பார்கள். பனியில் சறுக்கி விளையாடுவார்கள். இன்று காலையில் தம்பி நீட்டப்போன கையைத் தடுத்தவள் நான்தான் என்று நினைத்தாள். ஏதாவது ஒன்று ஆனால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? ஊசி ஒருதரம் விரலில் ஏறியது, அதுகூட உறைக்கவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது, ஷெட்டுக்குள் போய் நின்றது. அவர் உள்ளே வந்தார், கோட்டைக் கழற்றினார், அடுப்பு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். புதுவண்டி இழுக்கிற இழுவையைப் பற்றிச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

"தண்ணி இறக்கியாச்சா?" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை.

"எந்தத் தண்ணி?" என்றார்.

 அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். வண்டியின் அந்தப் பக்கம் சுற்றிப் போய் முதலில் பின்பக்கத் திருகைத் திறந்தாள், அப்புறம் முன்பக்கத்தைத் திறந்தாள். இரண்டிலும் சொட்டு நிற்கும்வரை இருந்தாள். திரும்பி வந்தபோது அவர் எழுந்து கதவருகே நின்றிருந்தார். அவள் ஈரக் கையைப் பார்த்தார்.

"நேத்தும் நீதான் இறக்கினியா?"

"ஆமா."

"நான் கிளம்பினதாவும் நீதான் உக்காரச் சொன்னதாவும் காலைல சொன்னியே."

"நீங்க எழுந்திரிக்கவே இல்லங்க. பொய் சொன்னேன். இந்தப் பனி ஆரம்பிச்சதுலேருந்து பாதி நாள் நான்தான் இறக்கறேன்."

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. யாரோ ஒரு தெரியாத ஆளைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். பிரேக் போடாத விஷயத்தையும் சொன்னாள், கேன்களையும் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னாள். பிள்ளைகள் என்றதும் அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு சாவியை எடுத்தார். கொஞ்சம் தடுமாறினார், எதற்கு எடுத்தோம் என்று யோசிப்பவர் போல. பிறகு அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அவரே மூடினார்.

"இப்பவே கொண்டு போய்க் குடுத்துடு," என்றார். "நான் கேட்டாலும் குடுக்காத."

தம்பி வீடு ரெண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தவன் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடக்கூட மறந்து நின்றான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் சொன்னது பொய் என்றாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தலையைத் தொட்டான்.

"மாமா சும்மாவா விட்டார்?"

"அவரேதான் எடுத்துக் குடுத்தார்."

"அப்ப பரவாயில்லக்கா. அவரே குடுத்துட்டார்ல. கஷ்டமான வேலை முடிஞ்சுபோச்சு."

"எங்கடா முடிஞ்சுது," என்றாள். "காலைல எழுந்து சாவி எங்கன்னு கேப்பார். நான் சொல்லணும். நாளன்னைக்கும் கேப்பார். தினமும் அவர் புதுசாக் கேப்பார், தினமும் நான்தான் அவர் கையிலேருந்து பிடுங்கணும்."

 உள்ளே வா, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போ என்று தம்பியின் பெண்டாட்டி கூப்பிட்டாள். அவர் தனியாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.